பாண்டாஸ், பாத்லிப்: புதிதாகப் பைத்தான் கற்பவருக்கு எவ்வளவு உதவும்?

ஒழுங்கற்ற சிஎஸ்வி கோப்புகளோடு (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணைகள்) மல்லுக்கட்டுபவர்களுக்கு, வெஸ் மெக்கின்னி 2008இல் எழுதத் தொடங்கிய, பைத்தானில் அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகம் இன்றும் முதல் பரிந்துரையாக இருப்பது நியாயமே. எண்களுக்கு நடுவே புகுந்த எழுத்துகளைக்கூட, மதிப்புகளை எண்ணாக மாற்றும் டு_நியூமெரிக் செயற்கூறில் எர்ரர்ஸ் என்ற அளவுருவுக்குக் கோயர்ஸ் என்று கொடுத்தால், நிரல் பாதியில் நிற்காமல் விடுபட்ட மதிப்புகளாக மாற்றிவிடுகிறது.

ஆனால் அதன் அதிபுத்திசாலித்தனமே சில இடங்களில் வினையாகிறது. நாட்டுக் குறியீடுகள் அடங்கிய கோப்பைப் படித்தால், நமீபியாவைக் குறிக்கும் ‘என்ஏ’ விடுபட்ட மதிப்பாகக் கருதப்பட்டுக் காணாமல் போகும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் தொலைபேசி எண்கள் அந்தப் பூஜ்ஜியத்தை இழக்கும். இரண்டுக்கும் பிழைச்செய்தி வராது என்பதுதான் கொடுமை. எவற்றை விடுபட்ட மதிப்பாகக் கருதலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கீப்_டிஃபால்ட்_என்ஏ, நெடுவரிசையின் தரவு வகையைக் குறிப்பிடும் டிடைப் ஆகிய அளவுருக்களைப் பாடத்தின் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும்.

பைத்தான் 3.4 முதல் கூடவே வரும், கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப்பிடம் எனக்குப் பெரிய குறையில்லை. விண்டோஸ் பாதையைச் சாதாரண சரமாக எழுதினால், பின்சாய்வுக்கோட்டை அடுத்து ‘என்’ என்ற சிற்றெழுத்து வரும் இடம் புதிய வரியாகிவிடும். பாத்லிப்பில் கோப்புறைகளைச் சாய்வுக்கோட்டால் இணைத்தால், அதே நிரல் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். இருப்பினும் எழுத்துக் குறியாக்கத்தை (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையை) அது தானாகச் சரிசெய்யாது: தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை விண்டோஸில் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதே பாதுகாப்பு. எக்செல் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வடிவில் சேமித்த கோப்பாக இருந்தால் யுடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கம் பொருத்தமானது. இல்லாவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளக்கூடும்.