பிங்கர்ஸ்டைல் ஆரம்பிக்க யமஹா சி40
பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு கடைக்காரர் ஸ்டீல் கம்பி கிடாரைத்தான் தலையில் கட்டப் பார்த்தார், ஆனால் பிக் என்கிற சின்ன மீட்டு வில்லை இல்லாமல் விரலால் மீட்டத்தான் ஆசை என்றால் இந்த நைலான் கம்பி கிடாரே சரி. நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை, 52 மி.மீ. அகலம்; கம்பிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருப்பதால், மூன்று தடித்த கம்பிகளைக் கட்டைவிரலும் மற்ற மூன்றை ஆளுக்கொன்றாக அடுத்த மூன்று விரல்களும் பார்த்துக்கொள்கிற அந்த வித்தை நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பிக்கிறவருக்கும் பிடிபடுகிறது, இடது கை விரல் நுனியும் அவ்வளவாக எரியாது. சின்னக் கை என்றால் அந்த அகலமே தொல்லை, ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பார் கார்டு பிடிக்க மல்லுக்கட்ட வேண்டும். புது நைலான் இழுபட்டுக்கொண்டே இருக்கும், முதல் சில நாள் சுருதி நிற்காது. அப்புறம், இரவில் வாசித்தாலும் பக்கத்து பிளாட்காரர் கதவைத் தட்டவில்லை, அதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதல்.