ஏப்ரல் மாத ரோமுக்கு எது ஏற்றது: முதுகுப்பையா, குறுக்குப்பையா?

ஏப்ரலில் ரோம் நகரத்தின் காலைகள் குளிர்ந்தும் நண்பகல்கள் இதமாகவும் இருக்கும். இடையிடையே மழையும் பெய்யும். கழற்றிய மேலாடை, குடை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைச் சுமக்க முதுகுப்பையே வசதியானது. எடை இரு தோள்களிலும் பரவுவதால், கல் பாவிய தெருக்களில் நாள் முழுவதும் நடப்பவருக்கு வலி குறையும்.

எனினும், அது கண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரிய குறை. டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட்டுக்குப் பெயர்போனது. அந்த நெரிசலில் பின்புற ஜிப்பை ஒருவர் மெல்லத் திறந்தால் சுமப்பவருக்குத் தெரியவே தெரியாது. பையை மார்புப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்; ஆனால் உடையின் நேர்த்தி அத்துடன் போய்விடும். பெரிய முதுகுப்பைகளை வத்திக்கான் அருங்காட்சியகத்தின் பொருள் வைப்பறையில் ஒப்படைக்கவும் வேண்டும்.

குறுக்குப்பையில், அதாவது உடலின் குறுக்காக அணியும் சிறிய பையில், கைப்பேசி, பணம், கடவுச்சீட்டு ஆகியவற்றோடு ஒரு மெல்லிய சால்வையும் அடங்கும். தோள்களை மூடாமல் புனித பேதுரு பேராலயத்திற்குள் நுழைய முடியாது என்பதால் அந்தச் சால்வை அழகுக்கு மட்டுமன்று. தடித்த வாரும், உடலை ஒட்டி அமையும் ஜிப்பும் உள்ள பழுப்புத் தோல் பையைத் தேர்ந்து, கூட்டத்தில் அதை மேலங்கிக்குள் அணிவதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். உணவகத்தில் நாற்காலி முதுகில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு செல்வோருக்கு மட்டும் முதுகுப்பை தவிர்க்க முடியாதது. அவர்களும் கடவுச்சீட்டை அதில் வைக்கக் கூடாது.