கரையும் அமாக்சிசிலின் மாத்திரை: எடை குறைந்த குழந்தைக்கு எவ்வளவு பொருந்துகிறது?

கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். சில வேளைகளில் உடல் சில்லிட்டே கிடக்கும். இதனால்தான், வேறு சிக்கல்கள் இன்றி வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் இத்தகைய குழந்தைகளுக்கும் வாய்வழி ஆன்டிபயாடிக் தருமாறு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. அதற்குப் பெரிதும் பயன்படும் அமாக்சிசிலின் 250 மி.கி. கரையும் மாத்திரையை, நாம் பழகிய டிரை சிரப்புடன் ஒப்பிட்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

ஆறு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 40 மி.கி. வீதம் நாளைக்கு இரு வேளை, ஐந்து நாள் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் வேளைக்கு 9.6 மி.லி., மொத்தம் 96 மி.லி. தேவை. அதைக் கலக்கக் கொதித்து ஆறிய நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்ற வேண்டும். கலந்த பின் சில நாட்களே தாங்கும். மாத்திரையிலோ வேளைக்கு ஒன்று, ஆக ஒரே ஒரு பத்து மாத்திரை அட்டை போதும். சிறிது நீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் பாலாடையால் புகட்டிவிடலாம். அடியில் தங்கும் தூளையும் கொஞ்சம் நீர் விட்டு அலசிக் கொடுக்கச் சொல்லித் தருவது மருந்து கொடுப்பவரின் பொறுப்பு. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

குறை, எடை மாறும்போது தெரிகிறது. நான்கு கிலோ குழந்தைக்கு முழு மாத்திரை கிலோவுக்கு 62 மி.கி. ஆகிவிடுகிறது, பாதி தந்தால் 31தான். எட்டு கிலோ குழந்தைக்கு ஒன்று போதாது, ஒன்றரை வேண்டும். நடுக்கோடு இல்லாத மாத்திரையைக் கையால் சரிபாதியாக உடைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. இந்த இடத்தில் சிரப்பே மேல். இதைவிடப் பெரிய ஆபத்து, வயதைப் பார்த்து எண்ணிக்கை சொல்வது. இரண்டு வயதாகியும் ஆறரை கிலோவே உள்ள குழந்தைக்கு, வயதுக்கேற்ற வழக்கமான எடையை வைத்து இரண்டு மாத்திரை தந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 77 மி.கி. ஆகும். தராசு இல்லாத இடத்தில் இம்மாத்திரையின் எளிமையே வினையாகும். கால்வீக்கம் உள்ள குழந்தையின் எடையில் தேங்கிய நீரும் சேர்ந்திருப்பதால் அந்த எண்ணையும் மருத்துவர் யோசித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பலன் உண்டா என்றால், ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2,767 குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாப் போலி (பிளாசிபோ) பெற்றவர்களில் 7.4 சதவீதமும் அமாக்சிசிலின் பெற்றவர்களில் 4.8 சதவீதமும் இறந்தனர். 2016இல் வெளியான நைஜர் ஆய்வில் குணமடைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோர் மட்டும் குறைந்தனர்.

பால் குடிக்க மறுக்கும், துவண்டு கிடக்கும் குழந்தைக்கு இம்மாத்திரையை வாங்கிக் கொடுத்து வீட்டில் காத்திருக்கக் கூடாது. அக்குழந்தைக்கு மருத்துவமனையில் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஊசியாகவே தொடங்கப்படும். இரண்டு நாள் ஆம்பிசிலினுக்குப் பிறகே அமாக்சிசிலின் வாய்வழியாக வருகிறது.