கோவிட் சிகிச்சையில் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும்

கொரோனா வைரஸ் தொற்று நுரையீரலோடு நில்லாமல் இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் பாதித்து, ஆங்காங்கே இரத்தத்தை உறையச் செய்ததால், நெடுநாள் பழகிய இரண்டு மருந்துகளை மருத்துவர்கள் நாடினார்கள்.

ஆஸ்பிரின் மலிவானது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பது. ஆயினும் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த ஏறத்தாழ 15,000 பேரில் பாதிப்பேருக்கு நாள்தோறும் 150 மில்லிகிராம் கொடுத்தும், 28 நாள்களுக்குள் இறந்தோர் இரு பிரிவிலும் 17 சதவீதமே.

ஹெப்பாரின் உறைதலின் சங்கிலியையே அறுக்கிறது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியாகப் போடும்போது அந்த இடம் கன்றிப்போவதுண்டு. அந்தச் சிரமத்துக்குப் பயன் இருந்தது. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், நோய் முற்றாத நிலையில் சேர்ந்தவர்களுள், உறுப்புகளுக்குக் கருவித் துணை தேவைப்படாமல் உயிரோடு வீடு திரும்பியோர் உறைதலைத் தடுக்கக் கொடுக்கும் வழக்கமான குறைந்த அளவில் 76.4 சதவீதம், இரத்தக் கட்டிக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் முழு அளவில் 80.2 சதவீதம். இந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவை எட்டிவிட்டவர்களுக்கு அதே முழு அளவு உதவவில்லை. இரத்தக் கசிவு அபாயமும் இருப்பதால், நோயின் கட்டத்தை அறியாமல் முழு அளவைத் தொடங்கக் கூடாது.