ஒளிரும் கோடு போட போட்டோஷாப்பா, கிம்ப்பா? ஒரு பேனர் கடைக்காரனின் அலசல்

2025 தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி தர்மபுரியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். முந்தின வருஷம் அவர்கள் பாதயாத்திரைக் குழுவுக்கு நான்தான் பேனர் செய்து கொடுத்தேன். முருகன் கையில் இருக்கும் வேலைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு ஒளிக்கோடு கொடி மாதிரி படர்ந்து மேலே ஏறும். "அண்ணா, அதே பேனர்தான். கோட்டை மட்டும் மஞ்சளா மாத்திடுங்க. ரெண்டு சுத்துக்குப் பதிலா மூணு சுத்து வரட்டும். டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

ஃபைலைத் திறந்தால் கோடு, அதைச் சுற்றிய மங்கல் ஒளி, பின்னணி எல்லாம் ஒரே லேயராக, அதாவது ஒரே அடுக்காக, ஒட்டிக்கிடந்தன. அவசரத்தில் நானே மெர்ஜ் செய்து வைத்தது, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. டீ குடிக்கப் போனவர் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வந்தார். வேலைச் சுற்றிய வேலை அப்போதும் முடியவில்லை.

அன்றைக்குத்தான் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். ஒளிரும் கோட்டை எதில் போட்டால் அடுத்த வருஷம் திறந்து மாற்றுவது சுலபம்? பத்து வருஷத்துக்கு மேல் போட்டோஷாப்பில் வேலை பார்த்தவன் நான். 2025 மார்ச்சில் இலவசப் பட மென்பொருளான கிம்ப்பின் 3.0 பதிப்பு வந்த பிறகு இந்த மாதிரி வேலைகளை அதற்கு மாற்றிக்கொண்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். கிம்ப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில், அழகில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஒளிக்கோடு என்பது எந்த மென்பொருளிலும் ஒரே சூத்திரம்தான். நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு, அதை ஒட்டி அழுத்தமான நிறம், அதற்கு வெளியே அகலமாக மங்கிப் பரவும் அதே நிறம், பின்னால் இருட்டு. நடுவே வெள்ளை இல்லாவிட்டால் அது ஒளியாகத் தெரியாது, வண்ணக் கயிறாகத்தான் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நீலக் கோடு வேண்டும் என்றால் கோட்டையே நீலமாகப் போட்டுவிடுவார்கள். (எல்லோரும் இதை 'நியான் லைன்' என்கிறார்கள். உண்மையில் நியான் வாயு கொடுப்பது செம்மஞ்சள் ஒளி. கடைப் பலகையில் பார்க்கும் நீலத்துக்குக் காரணம் ஆர்கானும் பாதரசமும். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுவார்.)

கோடு வரைவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் பாத் டூலால் (புள்ளிகளை இழுத்து வளைக்கும் கருவி) வளைவை வரைந்து, அதன் மேல் பிரஷ்ஷை ஓட்ட வேண்டும். முனைகள் இரண்டும் ஊசி மாதிரி மெலிய வேண்டும் என்றால் போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக் பாத் பெட்டியில் 'சிமுலேட் பிரஷர்', கிம்ப்பில் 'எமுலேட் பிரஷ் டைனமிக்ஸ்'. இரண்டு இடத்திலும் பிரஷ்ஷின் அளவு பேனா அழுத்தத்தைப் பொறுத்து மாறும்படி முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக் அடித்தும் ஒன்றும் நடக்காது. கோடு ஆளைச் சுற்றிப் போகிற மாதிரி தெரிய, முதுகுக்குப் பின்னால் போகும் பகுதியை லேயர் மாஸ்க்கில் கறுப்பு அடித்து மறைக்கிறோம். அதுவும் இரண்டிலும் ஒன்றே.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்டு. போட்டோஷாப்பில் வரையும் பாத் 'வொர்க் பாத்' என்ற பெயரில் தற்காலிகமாகத்தான் இருக்கும். அதை இரட்டைச் சொடுக்கு செய்து பெயர் கொடுத்துச் சேமிக்காவிட்டால், அடுத்த பாத் வரைந்ததும் பழையது போய்விடும். கிம்ப்பில் வரைந்த ஒவ்வொரு பாத்தும் தனித்தனியாகப் பட்டியலில் நின்று, ஃபைலோடு சேர்ந்தே சேமிக்கப்படும். பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. எனக்குத்தான் அந்தப் பழக்கம் கடைசி வரை வரவில்லை.

போட்டோஷாப்பின் பலம் 'அவுட்டர் குளோ' என்கிற லேயர் ஸ்டைல். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கோடு உள்ள லேயருக்கு அதைப் போட்டு நிறத்தையும் அளவையும் கொடுத்தால் பத்து விநாடியில் ஒளி வந்துவிடும். கோட்டை அழித்து வேறு மாதிரி வரைந்தாலும் ஒளி அதுவாகவே புதுக் கோட்டைச் சுற்றி வந்து நிற்கும். நிறம் மாற்ற ஒரே சொடுக்கு. நான் அந்தப் பேனரை மெர்ஜ் செய்யாமல் வைத்திருந்தால் பாலக்கோட்டுத் தம்பி டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்திருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஏன் மாறினேன் என்றால், பேனரின் அளவுதான் காரணம். 10 அடிக்கு 8 அடி ஃப்ளெக்ஸை அங்குலத்துக்கு 72 பிக்சல் ரெசல்யூஷனில் வைத்தால் 8640-க்கு 6912 பிக்சல். அவுட்டர் குளோவின் அளவு 250 பிக்சலுக்கு மேல் போகாது. 10 அடி பேனரில் 250 பிக்சல் என்பது மூன்றரை அங்குலம். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது ஒளியாகத் தெரியாது, கோட்டுக்கு ஓரம் அடித்த மாதிரிதான் இருக்கும். தவிர, ஒரு லேயருக்கு ஒரு அவுட்டர் குளோதான். கிட்டத்தில் அடர்த்தி, தூரத்தில் மெல்லிய பரவல் என்று இரண்டு மூன்று அடுக்கு ஒளி வேண்டும் என்றால் லேயரைப் பிரதி எடுக்கத்தான் வேண்டும். ஆக, நல்ல ஒளிக்கு அங்கேயும் கடைசியில் பழைய வழிக்கே வருகிறோம்: பிரதி எடு, காஸியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) போடு, வெளிச்சத்தைக் கூட்டும் 'ஸ்க்ரீன்' அல்லது 'லீனியர் டாட்ஜ்' முறையில் மேலே மேலே அடுக்கு. பிளரை எப்போது வேண்டுமானாலும் மாற்றும்படி வைக்க லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலத்தைத் தனியே உள்ளே வைத்திருக்கும் லேயர்) ஆக்க வேண்டும். அதற்குள்ளே இருக்கும் கோட்டை மாற்ற, இரட்டைச் சொடுக்கில் தனி ஜன்னலைத் திறந்து, மாற்றி, சேமித்து, வெளியே வர வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் வீட்டுக்குள் போக இரண்டு கதவைத் திறப்பது மாதிரி.

கிம்ப்பில் 2.10 வரைக்கும் இந்த வேலை மகா தொல்லை. பிளர் போட்டால் போட்டதுதான். அடுத்த வருஷம் கோடு மாறினால் எல்லா அடுக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். 3.0-இல் அது மாறிவிட்டது. ஃபில்டர் லேயரோடு கலந்துவிடாமல் தனியாக மேலே உட்காருகிறது. லேயர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் வரும். அதைச் சொடுக்கினால் ஃபில்டரை அணைக்கலாம், அளவை மாற்றலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஃபைலில் அப்படியே சேமிக்கவும் படும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பேனரின் கால் அளவில், அதாவது 2160-க்கு 1728 பிக்சலில், பின்னணியைக் கறுப்புக்குப் பதில் கரு நீலத்தில் வைக்கிறேன். பாத் ஒன்று, அதற்கு மேல் நான்கு லேயர். மேல் லேயரில் 6 பிக்சல் வெள்ளைக் கோடு, அதற்கு ஃபில்டர் கிடையாது. அதன் கீழே மூன்று லேயர், மூன்றிலும் 14 பிக்சல் பிரஷ்ஷில் ஒரே சிவப்பு. பிளர் மட்டும் 8, 30, 110 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசி லேயரின் ஒபாசிட்டி (அடர்த்தி) 40 சதவீதம். மூன்றுக்கும் வெளிச்சத்தைக் கூட்டும் 'அடிஷன்' முறை. பிளருக்கு மேல் ஒவ்வொன்றிலும் ஹியூ-சாச்சுரேஷன் ஃபில்டர் ஒன்று. நிறம் மாற்ற வேண்டும் என்றால் அதில் ஹியூவை நகர்த்தினால் போதும். சிவப்பு எனக்கு வெறும் அடிநிறம், பேனரில் என்ன நிறம் வரவேண்டும் என்பதை ஹியூதான் தீர்மானிக்கிறது.

வளைவை மாற்றச் சொன்னால்? பாத்தின் புள்ளிகளை இழுத்து ஒரு சுற்றைக் கூட்டுகிறேன். நான்கு லேயரிலும் உள்ளதை அழித்துவிட்டு, அதே பாத்தில் மறுபடி பிரஷ்ஷை ஓட்டுகிறேன். பிளரைத் தொடவே வேண்டாம். கோடு விழுந்ததும் மங்கல் அதுவாகவே அதைச் சுற்றி வந்துவிடுகிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை வருஷம் எத்தனை மதியம் போயிருக்கும்!

இந்த ஒரு விஷயத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், எங்கள் ஊர்ப் பக்கம் பேனர் தொழிலே திரும்பி வருகிற வாடிக்கையாளர்களை நம்பித்தான் நடக்கிறது. தைப்பூசம், மாசி பங்குனியில் பாரதக் கூத்து, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வாழ்த்து, நடுவில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. வருஷா வருஷம் அதே குழு, அதே பேனர், வருஷம் மட்டும் மாறும். போன மாசியில் காரிமங்கலம் பக்கத்துக் கூத்துக் குழுவுக்கு அர்ச்சுனன் அம்பு பறக்கிற மாதிரி ஒரு கோடு போட்டேன். அச்சுக்குப் போகிற அன்று காலையில் வாத்தியார் போன் பண்ணி, "அம்பு மேல போவணும் சாமி, நீங்க கீழ இறக்கிட்டீங்க" என்றார். பாத்தின் முனையைத் தூக்கினேன், பிரஷ்ஷை ஓட்டினேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் 2013 முதல் சந்தா முறையில் வருகின்றன. கிம்ப் இலவசம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கடையில் ஈ ஓட்டும் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். மாதம் முழுக்க வேலை இருக்கும் ஸ்டுடியோவுக்கு இது ஒரு காரணமே இல்லை.

கிம்ப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள என் கணினியில், முழுப் பேனர் அளவில் மூன்று பிளரும் உயிரோடு இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சு வாங்குகிறது. கால் அளவில் வேலை செய்வது அதனால்தான். மங்கல் ஒளி எப்படியும் மங்கல்தானே, அதைப் பெரிதாக்கினால் கெடாது. நடு வெள்ளைக் கோட்டை மட்டும் முழு அளவில் புதிதாக ஓட்டிக்கொள்கிறேன். இன்னொன்று, 3.0 இல்லாத கணினியில் இந்த ஃபைல்களைத் திறக்க நினைக்க வேண்டாம். அதோடு, பேனரைச் சுருக்கி வாட்ஸப்புக்கோ அழைப்பிதழுக்கோ கொடுக்கும்போது, மூல ஃபைலைச் சுருக்காமல் ஒரே லேயராகத் தட்டையாக்கிய நகலைச் சுருக்குவதே பத்திரம். இது போட்டோஷாப்புக்கும் பொருந்தும். 'ஸ்கேல் ஸ்டைல்ஸ்' தேர்வை மறந்து படத்தைச் சுருக்கி, பேனருக்குப் போட்ட 200 பிக்சல் ஒளி அப்படியே அழைப்பிதழில் வந்து, மாப்பிள்ளை புகைமூட்டத்துக்குள் நிற்பதுபோல் ஆகிவிட்டது ஒருமுறை.

தமிழ் எழுத்துக்கு ஒளி போடுவதிலும் கிம்ப் எனக்கு உதவுகிறது. யூனிகோட் தமிழ் உடையாமல் வருகிறது. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதனால்தான் பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுதோம். புதிய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வருகிறது.

அச்சில் இரண்டுமே ஒன்றுதான், இரண்டுமே ஏமாற்றும். திரையில் ஒளிர்வது வெளிச்சம், ஃப்ளெக்ஸில் விழுவது மை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கை வைத்து மின்னும் நீலத்தையும் இளஞ்சிவப்பையும் கொண்டுவர முடியாது. லேயர்களோடு சிஎம்ஒய்கேக்கு (இந்த நான்கு மை முறைக்கு) மாற்றினால் ஸ்க்ரீன் முறையில் அடுக்கிய ஒளியின் தோற்றமே மாறிவிடும். தட்டையாக்கிய பிறகு மாற்றுங்கள். இருட்டில் கரையும் ஒளி பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிந்தால் மிக லேசாக நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்துவிடுங்கள். ஃப்ளெக்ஸில் மஞ்சளும் செம்மஞ்சளும் நீலத்தைவிட நன்றாக நிற்கின்றன. பாலக்கோட்டுத் தம்பிக்கு அது தெரிந்துதான் மஞ்சள் கேட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

மற்ற மென்பொருள்களில் போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், லேயர் ஸ்டைல்களும் உண்டு. பழைய வாடிக்கையாளரின் பிஎஸ்டி வந்தால் அதில்தான் பார்க்கிறேன், பெரிய பேனரை அதில் முழுக்கச் செய்ததில்லை. க்ரிட்டாவில் சிஎம்ஒய்கேயிலேயே வேலை செய்யலாம், லேயர் ஸ்டைல்களும் இருக்கின்றன. ஆனால் அதை நான் ஓட்டியது இரண்டே நாள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிக்செல்லேப் மாதிரி கைப்பேசிச் செயலிகளில், நெட்டில் கிடைக்கும் நியான் சுருள் பிஎன்ஜியை ஒட்டி ஊர்ப் பையன்கள் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. அதையே 10 அடிக்குப் பெரிதாக்கிக் கேட்டு வரும்போதுதான் எனக்குத் தலைவலி.

மஞ்சள் வேல் பேனரை இப்போது பாத்தோடு, நான்கு லேயரோடு கிம்ப்பில் புதிதாகச் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த தைப்பூசத்துக்கு எத்தனை சுற்று கேட்பார்களோ தெரியாது.