ஆறு புள்ளிகளில் தமிழ்: கைப்பேசியின் பிரெயில் விசைப்பலகை

குரலில் சொன்னாலே கைப்பேசி எழுதிவிடும்போது பார்வையற்றவர்களுக்குத் தனியாக ஒரு விசைப்பலகை எதற்கு என்று கேட்பவர்கள், திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்லும் பேருந்தில் உட்கார்ந்து, வங்கிக் கணக்கைப் பற்றி வீட்டுக்கு ஒரு செய்தியைச் சொல்லிப் பார்க்கலாம். பாதிப் பேருந்து அதைக் கேட்கும்; ஓட்டுநர் போட்டிருக்கும் பாட்டும் செய்திக்குள் புகுந்துவிடும். திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கிலும் ஐபோனின் வாய்ஸ்ஓவரிலும் கட்டணமின்றிக் கிடைக்கும் பிரெயில் உள்ளீட்டை, வாய் திறக்காமல் வேகமாக எழுதும் வழி என்ற அளவில் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆப்பிள் இதை 2014இல் ஐஓஎஸ் 8 பதிப்பிலேயே கொண்டுவந்துவிட்டது. கூகுள் 2020இல்தான் வந்தது, அதுவும் முதலில் ஆங்கிலத்துக்கு மட்டும். இப்போது அமைப்புகளில் தமிழ்ப் பிரெயிலைத் தேர்ந்துகொள்ளலாம்.

கைப்பேசியைப் படுக்கைவாட்டில், திரை வெளியே பார்த்திருக்கும்படி இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். பிரெயிலில் ஒவ்வொரு குறியும் 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறு புள்ளிகளுக்குள் அமைவது. இடக்கை விரல்களுக்கு 1, 2, 3 புள்ளிகளும் வலக்கை விரல்களுக்கு 4, 5, 6 புள்ளிகளும் அமைகின்றன. பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு எந்த விரல் எந்தப் புள்ளி என்பது மாறுவதில்லை. ஆனால் அங்கே இடைவெளி விடும் கட்டைவிரல் இங்கே கருவியைத் தாங்கும் வேலைக்குப் போய்விடுகிறது. இடைவெளிக்கு ஒரு விரலை வலப்பக்கம் இழுக்க வேண்டும், அழிப்பதற்கு இடப்பக்கம். இது விரலில் படிவதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

தமிழில் எழுதும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'நெல்' என்று எழுத 1-3-4-5 புள்ளிகளை ஒருசேர அழுத்தினால் ந, அடுத்து 2-6 அழுத்தினால் எகரம், பிறகு மெய்யின் புள்ளிக்கு 4 மட்டும், கடைசியாக லகரத்துக்கு 1-2-3 என நான்கே அழுத்தங்கள் போதும். அச்சில் எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு பிரெயிலில் பின்னால் வருகிறது. அச்சில் தலைமேல் இருக்கும் புள்ளியோ மெய்க்கு முன்னால் வந்துவிடுகிறது. வழக்கமான தொடுதிரை விசைப்பலகையில் இதே சொல்லுக்கு, விரலை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் காதால் கேட்டுத் தேட வேண்டும். தமிழ் விசைப்பலகையில் எழுத்துகள் நெருக்கமாக இருப்பதால் அந்தத் தேடல் பொறுமையைச் சோதிக்கும். குரல்வழி எழுதினால் லகரம், ளகரம், ழகரம் மூன்றில் எது விழும் என்பது நம் உச்சரிப்பையும் கருவியின் ஊகத்தையும் பொறுத்தது. பிரெயிலில் அதை நம் விரலே முடிவு செய்கிறது, எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் நம்முடையதுதான்.

குறைகள் இல்லாமலில்லை. கண்ணாடித் திரையில் தடவிப் பார்க்க எதுவுமில்லை என்பதால், பிடி சற்று நழுவினாலும் 2 என்பது 3 ஆகிவிடும். அப்போது ஆறு விரல்களையும் மறுபடி பதித்து இடத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இரு கைகளும் வேலையில் இருப்பதால் நின்றுகொண்டு பயணம் செய்பவர் கம்பியைப் பிடிக்க முடியாது; நடக்கும்போது வெள்ளைக்கோலையும் பிடிக்க முடியாது. உட்கார இடம் கிடைத்தவர்களின் வசதி இது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரெயில் அறியாதவர் இதை வைத்து அதைக் கற்றுக்கொள்ள முயல்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். புடைத்த புள்ளிகளை விரல்நுனியால் வாசித்துப் பழகாதவருக்கு, வழவழப்பான திரையில் 1-3-4-5 என்பது வெறும் எண்வரிசைதான். கிறித்தவ மிஷனரியான செல்வி ஆஸ்க்வித் 1890இல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கிய பாளையங்கோட்டையில், பள்ளியில் புள்ளி படித்து வளர்ந்தவர்களைத் தேட வேண்டியதில்லை. அவர்களுக்கு இது உடனே கைகொடுக்கும்.

புதிய கைப்பேசி வாங்குபவர்கள், விலை குறைந்த சில கருவிகளின் திரைகள் ஒரே நேரத்தில் ஆறு விரல்களை உணர்வதில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் கடையிலேயே டாக்பேக்கை இயக்கி, ஆறு விரல்களையும் ஒருசேர வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. புத்தகம்போல் மூடித் திறக்கும் உறையையும் தவிர்க்கலாம், அதன் மடிப்பு பிடிக்கு இடைஞ்சலாக இருக்கும்.