டேப்லெட்டில் ஆங்கிலம்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அனுபவம்

ஆங்கிலம் சொல்லித்தர டேப்லெட் வாங்கலாமா என்று பல பேர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் வரும் ஆப்களை நம்பி வாங்க வேண்டாம். இத்தனை வருடத்தில் எங்கள் பிள்ளைகளை ஆங்கிலத்தில் வாய் திறக்க வைத்தது, எல்லா டேப்லெட்டிலும் இருக்கிற, யாரும் கண்டுகொள்ளாத ஒலிப்பதிவு வசதிதான்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம். ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் காதில் விழும், அதுவும் வகுப்பில் டீச்சர் பாடம் வாசிக்கும்போது மட்டும். தமிழ் மீடியத்தில் ஐந்தாவது முதல் ஏழாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, ஊர் வாசகசாலையில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன்.

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூனில், கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வகுப்புகள் தொடங்கியபோது, ஃபோன் இல்லாத வீடுகளுக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் பள்ளிகள் திறந்ததும் அவை அலமாரிக்குப் போய்விட்டன. அவற்றைத்தான் வகுப்புக்கு எடுத்துக்கொண்டோம். எல்லாம் எட்டு அங்குலம், விலை குறைந்த ஆண்ட்ராய்டு. சின்னக் கைகளுக்கு எட்டு அங்குலம் சரியான அளவு. பத்து அங்குலத்தை மேசை மேல் வைத்தால்தான் ஆகும்.

முதலில் ஆப்களைப் பற்றிச் சுருக்கமாக. படத்தைத் தொட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுகள் எங்களுக்குப் பயன்படவில்லை. ஒன்று தப்பானால் அடுத்ததைத் தொடு, அதுவும் தப்பானால் அதற்கடுத்தது என்று பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பார்கள். நட்சத்திரம் விழும், சொல் மனதில் நிற்காது. கூகிளின் ரீட் அலாங் அப்படியில்லை. பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, தடுக்கிய சொல்லை எடுத்துக் கொடுக்கும். இறக்கி வைத்த கதைகளுக்கு நெட் வேண்டாம் என்பது எங்கள் ஊருக்குப் பெரிய வசதி. ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். முதல் நாள் தமிழில் வாசித்துவிட்டு, மறுநாள் ஆங்கிலத்தில் வாசிக்க வைப்பேன். கதை தெரிந்துவிட்டதால் பயம் பாதி போய்விடும்.

எழுத்துப் பயிற்சி தருகிறவர்கள் விசைப்பலகை அமைப்பில் போய்ச் சொல் பரிந்துரையையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று எழுத்து அடித்ததும் முழுச் சொல்லும் வந்து நிற்கும், பிள்ளைக்கு ஸ்பெல்லிங் வரவே வராது.

இனி ஒலிப்பதிவு. வாரத்தில் ஒரு நாள், தனக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிய வேண்டும். கடலை பிடுங்குவது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது, சந்தையில் தக்காளி இறக்குவது, எதுவானாலும் சரி. ஆறாவது படிக்கும் ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். "மை மதர் கோ டு த ஃபீல்ட்" என்று பதிந்தவள், ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டதும் நிமிர்ந்து, "டீச்சர், நாந்தானுங்களா இது?" என்றாள். இரண்டாம் தடவை கேட்கும்போதே, "கோஸ்-னு வரணுமில்லீங்களா?" என்று அழித்துவிட்டு மறுபடியும் பதிந்தாள். அதே தப்பை நோட்டில் எத்தனையோ முறை சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் மாறவில்லை. பேசும்போது நம் கவனமெல்லாம் அடுத்த சொல்லைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. கேட்கும்போது அந்தப் பாரம் இல்லாததால் தப்பு தானாகக் காதில் உறைக்கிறது.

உச்சரிப்பிலும் இதேதான். குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் (pin) குப்பைத் தொட்டிக்கான சொல்லையும் (bin) எங்கள் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் வந்த பழக்கம். மலையாளத்தில் அந்த இடத்தில் நாலு எழுத்து உண்டு. பஸ் போர்டில் தினமும் பார்க்கிற அந்த எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, சொல்லிக் காட்டி, பிறகு டேப்லெட்டில் பதியச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். எல்லையோரத்தில் பிறந்ததில் இப்படியும் ஒரு லாபம்! டேப்லெட் தப்பு என்று காட்டும், ஏன் தப்பு என்று சொல்லாது. அதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆளுக்கொரு டேப்லெட் வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டு பேர்தான் நல்லது. ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு ஹெட்போன் மாட்டிவிட்டால், ஒருத்தர் பதிந்ததை இரண்டு பேரும் கேட்டுப் பேசிக்கொள்வார்கள். தனியாகக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கேமரா பக்கம் போய்விடுகிறார்கள்.

தொல்லைகளும் உண்டு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மைக்கில் இரைச்சலைத் தவிர எதுவும் பதியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, மைக் வைத்த ஹெட்போனில் பேசச் சொல்கிறேன். தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போகிற நாட்களும் அந்த மாதங்களில்தான் அதிகம். அதனால் மதியமே சார்ஜ் போட்டு வைத்துவிடுவோம். வெயில் காலம் இன்னும் மோசம். இங்கே மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். முழு சார்ஜோடு ஓட்டுக் கூரைக்குக் கீழே அலமாரியில் கிடந்த ஒன்றின் பேட்டரி வீங்கித் திரையைத் தூக்கிவிட்டது. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் ஆகாது. கோடை விடுமுறைக்கு எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பழைய மைக்ரோ யுஎஸ்பி சார்ஜிங் துளைகள் பிள்ளைகள் கையில் சீக்கிரம் தளர்ந்துவிட்டன. டைப்-சி வைத்த டேப்லெட்டில் இந்தப் பிரச்சினை இதுவரை வரவில்லை. 2 ஜிபி ரேம் இருந்தவற்றில் இப்போது புது ஆப்கள் திறக்கவே திணறுகின்றன. ஆனால் ஒலிப்பதிவுக்கும் பிடிஎஃப் கதைகளுக்கும் இன்றும் அவை போதும்.

பள்ளியில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட்டின் மொழி ஆய்வகம் இருக்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அது லேப்டாப்பில் ஓடுவது, நல்ல திட்டம், இரண்டும் சேர்ந்தே போகலாம். வாசகசாலைத் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் உட்கார்ந்து பேசிப் பதிய டேப்லெட்தான் வசதி.

புதிதாக வாங்குகிறவர்கள் 4 ஜிபி ரேம், மெமரி கார்டு போடும் வசதி, டைப்-சி, இவற்றோடு ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இப்போது பல டேப்லெட்டுகளில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். ப்ளூடூத் ஹெட்போனை இத்தனை பிள்ளைகளுக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது, அதற்கும் தனியாகச் சார்ஜ் போட வேண்டும். நன்கொடை தர முன்வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: டேப்லெட்டில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காசுக்கு மைக் வைத்த ஹெட்போன்களும் ரப்பர் உறைகளும் வாங்கித் தாருங்கள்.